மாடிக்கு ஒரு சாப்பாட்டு மேசை

ஜனவரி 8

இந்த நோட்டை மேசைக்காக வாங்கவில்லை. ஜெனோவா எத்தனை மணி நேரம் தூங்கினாள், என்ன சாப்பிட்டாள், மாத்திரை போட்டாளா என்று தினமும் குறித்து வைக்கும்படி டாக்டர் வசுமதி சொன்னதால் வாங்கியது. இடது பக்கத்தில் அது மட்டும்தான் இருக்கும். வலது பக்கம் காலியாகக் கிடக்கிறது. முப்பத்தொரு வருடம் தூத்துக்குடித் துறைமுகத்தில் பராமரிப்புப் பிரிவில் இருந்தவனுக்குக் காலிப் பக்கத்தைப் பார்த்தால் எதையாவது குறிக்கத் தோன்றும்.

இன்று குறிக்க ஒரு விஷயம் இருக்கிறது. காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே ஜெனோ சொன்னாள்: "மாடில ஒரு மேசை போட்டு, காத்துல உக்காந்து சாப்பிட்டா நல்லாருக்கும்லாம்மா."

என் மகளுக்கு இருபத்தாறு வயது. சென்னையில் வேலையில் இருந்தவளை அக்டோபர் கடைசியில் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வந்ததிலிருந்து கேட்டதற்குப் பதில் சொல்வாள். அவளாக எதையும் கேட்டதில்லை. இதுதான் முதல் தடவை. என் மனைவி ரோசலின் தண்ணீர் எடுப்பதுபோல அடுக்களைக்குள் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் "பாப்பம்மா" என்று சொன்னேன்.

மாடிக் கதவில் நவம்பரில் புதுப் பூட்டு மாட்டியிருக்கிறேன். தண்ணீர்த் தொட்டியின் மூடி சரியில்லை, யாரும் மேலே போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது.

மத்தியானம் நான் மட்டும் போய் அளந்தேன். நீளம் முப்பத்தொரு அடி, அகலம் இருபத்துநான்கு. கைப்பிடிச் சுவர் இரண்டே கால் அடி. சாப்பாட்டு மேசை என்றால் பொதுவாக இரண்டரை அடி உயரம் இருக்கும். நாற்காலியின் உட்காரும் பலகை ஒன்றரை அடி.

இரண்டு தடவை அளந்தேன். சுவர் இரண்டே கால் அடிதான்.

ஜனவரி 10

பாளையங்கோட்டை ரோட்டில் பிளாஸ்டிக் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் உற்சாகமான ஆள். மழை, வெயில், உப்புக் காற்று எதுவும் ஒன்றும் செய்யாது என்றார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "ஒரு ஆளால தூக்க முடியுமா?"

"என்ன அண்ணாச்சி இப்படிக் கேட்டுட்டிய? பொம்பளப் பிள்ளைக ஒத்தக் கையில தூக்கிட்டுப் போயிரும்" என்று தூக்கியே காட்டினார். தூக்கிக்கொண்டு கடையின் சுவர் வரைக்கும் நடந்து, சுவரை ஒட்டி வைத்துவிட்டுத் திரும்பிச் சிரித்தார்.

பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் கேட்டபோது, பிளாஸ்டிக் இரண்டே கோடையில் வெளிறிப் பொடிந்துவிடும் என்றேன். அதுவும் உண்மைதான்.

ஜனவரி 13

ஏழு மணி நேரம் தூங்கினாள். மேசை என்ன ஆச்சு என்று கேட்டாள்.

ஜனவரி 17

என்னோடு வேலை பார்த்த மரியதாஸ் இப்போது வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். இரும்புச் சட்டம் போட்ட மேசை ஒன்றைக் காட்டினான். நல்ல வேலைப்பாடு. கனமும் இருந்தது. ஆனால் கூடவே வரும் நாற்காலிகள் கனமில்லை. உட்கார்ந்து பார்த்தேன், எழுந்து ஒரு கையால் இழுத்தும் பார்த்தேன். சுலபமாக வந்தது.

வீட்டுக்கு வந்து, இரும்பு கடல் காற்றுக்கு நிற்காது, துருப்பிடித்துவிடும் என்றேன். ரோசலின் சீலா மீனை அலசிக்கொண்டிருந்தாள். கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள்.

"கப்பலுக்கே துரு புடிக்காம பெயிண்ட் அடிச்சவுக நீங்க. ஒரு மேசைக்கு அடிக்கத் தெரியாதாக்கும்?"

நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

"பிள்ள வாயத் தொறந்து ஒண்ணு கேக்கா. பத்து நாளா நீங்க அதுல நொட்ட, இதுல நொட்டங்குதிய. வேண்டாம்னா வேண்டாம்னு அவகிட்டயே சொல்லிருங்க. இப்படி இழுக்காதிய."

"ஒனக்குப் புரியல ரோசலின்."

"எனக்கா புரியல?" என்றாள். அடுத்து என்னவோ சொல்ல வந்தவள் கூடத்துப் பக்கம் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அங்கே டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஜெனோ அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள், ஆனால் பார்வை டிவியில் இல்லை.

ஜனவரி 22

திருநெல்வேலிக்கு டாக்டரைப் பார்க்கப் போனோம். ஜெனோவிடம் முக்கால் மணி நேரம் பேசிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இடது பக்கத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "அக்டோபர்ல நடந்ததப் பத்தி அவகிட்ட நீங்க எப்பவாவது பேசினீங்களா?" என்று கேட்டார்.

இல்லை.

அக்டோபரில் நடந்ததை இதுவரைக்கும் நான் எழுதியதும் இல்லை. சென்னையில் அவளோடு தங்கியிருந்த பெண் ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போகக் கிளம்பியவள், பஸ்ஸைத் தவறவிட்டு அறைக்குத் திரும்பியிருக்கிறாள். கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து உடைத்தார்கள். ஜெனோ ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அந்தப் பெண் அந்தப் பஸ்ஸைப் பிடித்திருந்தால்.

நானும் ரோசலினும் போய்ச் சேர்ந்தபோது ஜெனோ கண் திறந்து, "சாரிப்பா" என்றாள். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் அந்தப் பேச்சு வந்ததே இல்லை. சொந்தக்காரர்களிடம் டைபாய்டு என்று சொல்லியிருக்கிறோம்.

"நேராவே கேளுங்க சார்," என்றார் டாக்டர். "சாகணும்ங்கிற நெனப்பு இப்பவும் வருதாம்மான்னு கேளுங்க. கேக்கிறதால அந்த நெனப்பு புதுசா வந்துடாது. நீங்க கேக்காம இருந்தா அவ அதோட தனியா இருக்கணும்."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜெனோ ஜன்னலோரம், நான் பக்கத்தில். வல்லநாடு வரும்வரை அந்த ஒரு வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பஸ் நின்றது. வாயைத் திறந்தேன்.

"டீ குடிக்கியாம்மா?"

"வேண்டாம்ப்பா," என்றாள்.

ஜனவரி 29

பழைய கப்பல் சாமான் விற்கும் கடைக்கு ஜெனோவும் வருகிறேன் என்றாள். உடைக்கப் போகும் கப்பல்களிலிருந்து எடுத்த கட்டில், அலமாரி, விளக்கு என்று ஒரு கிட்டங்கி முழுக்கக் கிடந்தது. ஏதோ கப்பலின் மேல்தளத்தில் போட்டிருந்த தேக்கு மேசை ஒன்று இருந்தது. நாற்பது வருடம் உப்புத் தண்ணீரைக் குடித்த மரம். வருடத்துக்கு ஒரு தடவை எண்ணெய் தடவினால் என் ஆயுளுக்கும் அவள் ஆயுளுக்கும் வரும். இந்த ஊரில் மொட்டை மாடியில் போட அதைவிட நல்ல மேசை கிடையாது. எனக்குத் தெரியும்.

ஜெனோ அதன் விளிம்பில் கையை ஓடவிட்டாள். வளையம் வளையமாகத் தேநீர்க் கறை இருந்த இடத்தில் விரலை வைத்து, "எத்தன பேரு குடிச்சிருப்பாங்க, இல்லப்பா?" என்று கேட்டாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. அக்டோபருக்கு அப்புறம் பல் தெரிய அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

கடைக்காரர் ஓடிவந்து கூடவே மடக்கு நாற்காலிகளை எடுத்துப் போட்டார். நான்கு. ஒரு விரலில் மாட்டித் தூக்கலாம் போல இருந்தன.

"இது வேண்டாம்" என்றேன்.

"ஏம்ப்பா? நல்லாருக்கே."

"மரம் வெடிச்சிரும்மா."

கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "தேக்கு வெடிக்குமா? யாரு சொன்னது ஒங்களுக்கு?" என்றார். ஜெனோ என்னைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு போன வேகத்தை நான் எழுத விரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தலை வலிக்கிறது என்று படுத்துவிட்டாள். சாயங்காலம் ஒன்றும் சாப்பிடவில்லை. இடது பக்கத்தில் அதை எழுதினேன். காரணம் எழுதவில்லை.

பிப்ரவரி 1

தீர்வு கிடைத்துவிட்டது. கிரானைட் பலகை. அடியில் செங்கல் கட்டி சிமென்ட் பூசிய இரண்டு கால்கள். இரண்டு பக்கமும் அதேபோலக் கட்டிய பெஞ்சு. எல்லாம் தளத்தோடு தளமாக. துருப்பிடிக்காது, வெளிறாது, வெடிக்காது. நான்கு ஆட்கள் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. மாடியின் நட்ட நடுவில்.

படம் வரைந்து ஜெனோவிடம் காட்டினேன். வெகு நேரம் பார்த்தாள்.

"நாற்காலி கிடையாதாப்பா?"

"பெஞ்சு இருக்குல்லாம்மா. உறுதியா இருக்கும். அசையாது."

"அசையாது," என்று அவளும் சொன்னாள்.

மேசையிலிருந்து சுவர் வரைக்கும் நான்கு பக்கமும் அம்புக்குறி போட்டு எத்தனை அடி என்று குறித்திருந்தேன். பழக்கம். சாப்பாட்டு மேசைப் படத்துக்கு அது தேவையில்லை. அவள் அந்த எண்கள் மேல் ஒவ்வொன்றாக விரலை வைத்தாள். பிறகு தாளை நான்காக மடித்து என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

பிப்ரவரி 3

எழுத்து கோணலாக வருகிறது.

காலை பதினோரு மணி. ரோசலின் மீன் வாங்கப் போயிருந்தாள். நான் குளித்துவிட்டு வந்து ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தேன். பையில் சாவி இல்லை.

"ஜெனோ!" என்று கூப்பிட்டேன். அவள் அறை காலி. கூடம் காலி. மாடிப்படியில் மேலேயிருந்து வெயில் விழுந்துகொண்டிருந்தது. கதவு திறந்தால் மட்டுமே அங்கே வெயில் விழும்.

துண்டோடு ஓடினேன். பதினெட்டுப் படி. எனக்கு அறுபத்தொரு வயது, முழங்கால் தேய்மானம். ஒரு படியிலும் கால் பட்டதாக நினைவில்லை. தெருவில் யாராவது கத்துகிறார்களா என்று காது தேடிக்கொண்டே இருந்தது. அதை எழுதத்தான் வேண்டும். படியேறும்போது நான் தெருச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் கிழக்குப் பக்கச் சுவர் அருகே குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். கடல் தெரிவது அந்தப் பக்கம்தான். தோளைப் பிடித்து இழுத்தேன். இழுத்த வேகத்தில் இரண்டு பேருமே தரையில் விழுந்தோம். "யாரக் கேட்டு மேல வந்த? யாரக் கேட்டு வந்த?" என்று கத்தினேன். எதிர்வீட்டு அம்மா ஜன்னலைத் திறந்து பார்க்கும் அளவுக்குக் கத்தினேன்.

"அப்பா, விடுங்க. வலிக்கி."

விட்டேன். அவள் கையில் சாக்குக்கட்டி. பக்கத்தில் என் அளவு நாடா. தரையில் ஒரு செவ்வகம் வரைந்து, சுற்றிலும் சின்னச் சின்னக் கட்டமாக நாற்காலிகள் வரைந்திருந்தாள்.

எனக்கு மூச்சு வாங்கியது. அவளுக்கும்தான். எழுந்து உட்கார்ந்து கேட்டாள்.

"நான் குதிச்சிருவேன்னு நெனச்சீங்களாப்பா?"

அந்தச் சொல் எங்கள் வீட்டில் அதற்கு முன் யார் வாயிலும் வந்ததில்லை. "இல்லம்மா, தொட்டி மூடி..." என்று ஆரம்பித்தேன்.

"தொட்டி மூடி நல்லாத்தான் இருக்கு. பாத்துட்டேன்."

இனி ஒளிக்க ஒன்றும் மிச்சமில்லை. பஸ்ஸில் சொல்ல முடியாததை அங்கே, ஈரத் துண்டோடு, வெயிலில் உட்கார்ந்து கேட்டேன். "சாகணும்ங்கிற நெனப்பு இப்பவும் வருதாம்மா?"

உடனே பதில் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். யோசித்துச் சொன்னாள்.

"சில நாள் வருது. இன்னைக்கு வரல."

"வந்தா என்னம்மா பண்ணுவ?"

"தெரியல. யார்ட்டச் சொல்ல? அம்மாகிட்டச் சொன்னா அழுவா. உங்ககிட்டச் சொன்னா இன்னொரு பூட்டு வாங்கிட்டு வருவீங்க."

எனக்கு அழுகை வந்தது. அவள் பார்க்கிறாள் என்று தெரிந்தும் அடக்க முடியவில்லை. அவள் சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எனக்கும் இந்தச் செவுரு பயம்தான்ப்பா. துணி காயப்போட வரும்போதெல்லாம் இது கண்ணுல படும். நீங்க பூட்டுப் போட்ட அன்னைக்கு நிம்மதியாக்கூட இருந்துச்சு. ஆனா எத்தன நாளைக்குப் பூட்டி வைப்பீங்க? அதான் மேசை கேட்டேன். தனியா வராம மூணு பேருமா வந்து உக்காந்தா, இதுவும் நம்ம வீட்டுல ஒரு இடம்தான்னு ஆயிரும்லா."

நான் என்னென்னவோ எடை பார்த்தேன், உயரம் பார்த்தேன். இதை யோசிக்கவே இல்லை.

"நான் என்னம்மா செய்யணும்?" என்று கேட்டேன்.

"செவுர உசத்துங்கப்பா," என்றாள்.

ரோசலின் மீன் பையோடு மேலே வந்து எங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். ஜெனோவே அவளிடம் சொன்னாள், எல்லாவற்றையும். ரோசலின் அழுதாள். ஆனால் நடுவில் ஒரு தடவைகூட எழுந்து அடுக்களைக்குப் போகவில்லை.

ஜெனோவின் தோளில் என் விரல்கள் அழுந்திய இடம் கன்றிப்போயிருக்கிறது. நான்கு விரல் தடம். டாக்டருக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன், அதையும் சொன்னேன்.

பிப்ரவரி 9

கொத்தனார் வந்தார். சுவர் மூன்றரை அடிக்கு ஏறுகிறது. அதற்கு மேல் இரண்டரை அடிக்கு நெருக்கமாக நிற்கும் கம்பிகள். முழுக்கச் சுவராக எழுப்பலாம் என்றுதான் நான் சொன்னேன். "காத்து வரணும்லாப்பா" என்றாள். மரியதாஸ் கம்பி அளவெடுத்துப் போனான். காரணம் கேட்டான். மகளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று சொன்னேன். இதற்கு முன் நான் இவ்வளவு உண்மையாக வெளியாளிடம் சொன்னதில்லை. அவன் அதற்கு மேல் கேட்கவில்லை.

சாவியைப் பற்றிப் பேசினோம். "உங்ககிட்டயே இருக்கட்டும், ஆனா ஒளிச்சு வைக்காதீங்க, கேட்டா கூட வாங்க" என்றாள்.

பிப்ரவரி 12

பயம் குறையவில்லை. அவள் குளியலறையில் ஐந்து நிமிடம் கூடுதலாக இருந்தாலும் நான் கதவுப் பக்கம் போய்விடுகிறேன். இன்று உள்ளேயிருந்தே, "இருக்கேன்ப்பா, தலைக்கு ஊத்துதேன்" என்று குரல் கொடுத்தாள்.

பிப்ரவரி 17

கம்பிக்கு முதலில் சிவப்பு ஆக்சைடு, பிறகு இரண்டு கோட் பெயிண்ட். நானும் ஜெனோவும் அடித்தோம். வெல்டிங் வைத்த இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும், அங்கே தூரிகையைக் குத்திக் குத்தி அடிக்க வேண்டும் என்று காட்டினேன். ஒரு மணி நேரம் அடித்துவிட்டுச் சோர்ந்துபோய் உட்கார்ந்தாள். மாத்திரை அப்படித்தான் அசதியைக் கொடுக்கிறது. மிச்சத்தை நான் அடித்தேன்.

பிப்ரவரி 20

கப்பல் சாமான் கடைக்கு மறுபடி போனோம். அந்தத் தேக்கு மேசை விற்றுப் போய்விட்டது. ஏதோ ஓட்டலுக்காம். என்னைத் திட்டிக்கொண்டேன். ஜெனோ அலட்டிக்கொள்ளவில்லை. உள்ளே போய்த் தேடி வேறொன்றைப் பிடித்து வந்தாள். அதுவும் தேக்குதான். மேலே சிகரெட் சுட்ட கறுப்புத் தழும்புகள். ஒரு கால் அரை அங்குலம் குட்டை. கடைக்காரர் என்னிடம், "இது வெடிக்காதா அண்ணாச்சி?" என்று கேட்டார். வெடிக்காது என்றேன்.

நாற்காலியை ஜெனோ எடுத்தாள். மடக்கு நாற்காலி, நான்கு. நான் கண்ணை மூடிக்கொண்டு சரி என்றேன்.

பிப்ரவரி 25

ஞாயிறு. சர்ச்சில் காலைப் பூசை முடிந்து வந்து, மாடியில் முதல் சாப்பாடு. குட்டைக் காலுக்கு ரப்பர் கட்டை வைத்திருந்தேன், ஆட்டம் இல்லை. ரோசலின் இடியாப்பமும் மீன் குழம்பும் மேலே கொண்டுவந்தாள். கம்பிக்கு நடுவே கடல் வெளிச்சமாகத் தெரிந்தது.

ஜெனோ ஒரு இடியாப்பம் தின்றாள். இரண்டாவதைப் பிட்டு வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"அப்பா. இன்னைக்கு இருக்கு."

ரோசலினின் கரண்டி குழம்புச் சட்டிக்குள்ளேயே நின்றது. எழுந்து அவளைப் பிடித்துக்கொள்ள வேண்டும், கீழே இழுத்துக்கொண்டு போக வேண்டும், கதவைப் பூட்ட வேண்டும் என்று உடம்பெல்லாம் சொன்னது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எப்பலருந்தும்மா?"

"முழிச்சதுலருந்து. பூசையிலயும் இருந்துச்சு."

"நெறைய இருக்கா?"

"ரொம்ப இல்ல. ஆனா சொல்லணும்னு தோணிச்சு."

"சொன்னது நல்லதும்மா," என்றாள் ரோசலின். குரல் உடையவில்லை. எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. "இங்கனயே இரு. நாங்களும் இங்கனதான் இருக்கோம்."

அங்கேயே, அவள் எதிரிலேயே டாக்டருக்கு போன் போட்டேன். ஜெனோவிடம் பேசினார், பிறகு எங்களிடம். உடனே வரச் சொன்னார். வாடகைக் கார் வைத்துக்கொண்டு போனோம். ரோசலின் வழி முழுக்க அவள் கையை விடவில்லை. டாக்டர் ஞாயிற்றுக்கிழமையும் வந்து காத்திருந்தார். மாத்திரை அளவை மாற்றினார். ஒரு வாரத்துக்கு யாராவது கூடவே படுக்க வேண்டும், வியாழக்கிழமை மறுபடி வர வேண்டும் என்றார். "இந்தத் தடவ அவளே சொல்லிட்டா சார்," என்றார் என்னிடம். ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டுமா என்று கேட்டேன். இன்றைக்கு வேண்டாம், கூடினால் உடனே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றார்.

மத்தியானம் வந்து மூன்று மணி நேரம் தூங்கினாள். நான் வாசலில் நாற்காலி போட்டு அவள் மூச்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து முகம் கழுவிவிட்டு, "பசிக்கி. மேல போயிச் சாப்பிடுவமா?" என்று கேட்டாள்.

இப்போது மணி ஐந்தரை. மூன்று பேரும் மாடியில்தான் இருக்கிறோம். காலையில் மிஞ்சிய இடியாப்பத்தை அவள் குழம்பில் ஊறவைத்துச் சாப்பிடுகிறாள். ரோசலின் மீனில் முள் எடுத்து அவள் தட்டில் வைக்கிறாள். நான் எதிரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். காற்றில் தாள் பறக்கிறது, இடது கையால் அழுத்திப் பிடித்திருக்கிறேன்.

"என்னப்பா எழுதுதீங்க?" என்று கேட்டாள்.

"இன்னைக்குக் காலைல எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சுன்னு எழுதுதேன்ம்மா."

வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள்.

"எனக்கும்னு எழுதுங்க."

ஜெனோவுக்கும் பயமாக இருந்தது.

"எனக்கில்லையாக்கும்?" என்றாள் ரோசலின்.

ரோசலினுக்கும்.